தந்தைக்குக் கூற்று இல்லை

1

ஒரு பெண்ணின் காதல் வாழ்க்கையில் யார் யார் வாய் திறந்து பேசலாம் என்பதைத் தொல்காப்பியர் செய்யுளியலில் வரிசைப்படுத்தியிருக்கிறார். களவில் பார்ப்பான், பாங்கன், தோழி, செவிலி, தலைவன், தலைவி. கற்பில் இவர்களோடு பாணன், கூத்தன், விறலி, பரத்தை, அறிவர், கண்டோர். பேச்சுரிமை இல்லாதவர்களுக்கும் ஒரு பட்டியல் உண்டு. ஊரார், அயலார், சேரியார், நோயின் தன்மை அறிந்தவர், தந்தை, தமையன். இவர்கள் சொன்னதாகப் பிறர் எடுத்துச் சொல்லலாமே தவிர, இவர்களுக்கென்று தனிக் கூற்று கிடையாது. பரத்தை பேசலாம். வழியில் கண்டவர்கள் பேசலாம். பெற்றவன் பேசக் கூடாது. களவியலில் இன்னொரு விதியும் இருக்கிறது: மகளின் காதலைத் தந்தையும் தமையனும் குறிப்பால்தான் உணர்ந்துகொள்ள வேண்டும்.

இதை வெறும் செய்யுள் இலக்கணம் என்று ஒதுக்கிவிட முடியவில்லை. நம் வீடுகளில் இன்றும் நடப்பில் உள்ள இலக்கணம் இதுதான். பெண் குழந்தையை வளர்க்கும் தகப்பனின் அன்றாடம் தமிழ் எழுத்தில் ஏன் இவ்வளவு சோகையாக இருக்கிறது என்ற கேள்விக்கு இங்கிருந்துதான் பதில் தேட வேண்டியிருக்கிறது.

புறத்தில் தகப்பன் வருகிறான். மகட்பாற்காஞ்சிப் பாடல்களில் பெண் கேட்டு வரும் வேந்தனுக்குத் தர மறுக்கிறான். ஊர் போருக்குத் தயாராகிறது. அதாவது, மகளைக் கொடுக்கும் அல்லது கொடுக்க மறுக்கும் கட்டத்தில்தான் அவன் தந்தை. அதற்கு முந்தைய பதினைந்து வருஷங்கள் பாட்டுக்கு வெளியே கிடக்கின்றன. பொன்முடியாரின் 312ஆம் பாட்டு, பெற்றுத் தருவதைத் தாய்க்கும் சான்றோனாக்குவதைத் தந்தைக்கும் கடமையாக வகுக்கிறது. ஆனால் அது மகனைப் பற்றிய பாட்டு. மகள் விஷயத்தில் தகப்பனின் கடமை என்ன என்று யாரும் வகுத்துச் சொல்லவில்லை. எதிர்த்திசையில் வழி திறந்தே இருந்தது. தந்தையை இழந்த பாரி மகளிர் பாடியதாக 112ஆம் பாட்டு இருக்கிறது. மகள் தந்தையைப் பாடலாம். அவன்தான் ஊமை.

ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். பாண்டியன் அறிவுடைநம்பியின் 188ஆம் பாட்டு. சோறுண்ணும் குழந்தையின் கையையும் வாயையும் உடம்பையும் இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்த வேறொரு பழம்பாட்டு எனக்குத் தெரியாது. இட்டும் தொட்டும் கவ்வியும் துழாவியும் நெய்ச்சோற்றை மேலெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தை. ஆணா பெண்ணா என்று அரசன் சொல்லவில்லை, ‘மக்கள்’ என்கிறான். ஆனால் அவன் நிற்கும் இடம் பார்வையாளனின் இடம். சிந்திய சோற்றைப் பிறகு துடைத்தது யார் என்ற கேள்வி அந்தப் பாட்டுக்குள் எழவில்லை. அரண்மனையில் எழாதுதான். சிறிய வீடுகளில் எழுகிறது.

2

மகளை வளர்த்த கவிஞன் ஒருவன் நம்மிடம் உண்டு, பெரியாழ்வார். ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனத்தில் கண்டெடுத்த குழந்தையை அவர் வளர்த்ததாகவும், பெருமாளுக்கு என்று கட்டிய மாலையை அவள் சூடிப் பார்த்ததாகவும், அது கண்டு அவர் கலங்கியதாகவும் வைணவ மரபு சொல்கிறது. அசலான தகப்பனின் அனுபவம் இது. கட்டிவைத்த மாலை, அதில் ஒட்டியிருந்த முடி, கோபம், பிறகு கோபப்பட்டதற்கான வருத்தம். ஆனால் அவருடைய திருமொழியில் இந்த மனிதனைக் காண முடியாது. கண்ணனைக் கொஞ்சும்போது அவர் யசோதை. திருமாலோடு போய்விட்ட ஒரே மகளை நினைத்துப் புலம்பும் பதிகத்திலும் பேசுவது தாய். பெண் வளர்த்து இழந்த ஆண் ஒருவன், அந்த இழப்பைச் சொல்லப் பெண் குரலை இரவல் வாங்க வேண்டியிருந்திருக்கிறது.

தாய்ப் பாவனை ஒரு விடுதலைதானே, ஆண் தன் அகந்தையைக் கழற்றி வைக்க அது உதவியதே என்று கேட்பார்கள். உண்மைதான். அந்தப் பாவனை இல்லாமல் பெரியாழ்வாரும் இல்லை, பின்னால் வந்த பிள்ளைத்தமிழும் இல்லை. ஆனால் இதற்குக் கொடுத்த விலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். கொஞ்சத் தெரியாத, கை பழகாத, அழும் குழந்தையை எந்தத் தோளில் போடுவது என்று தடுமாறுகிற தகப்பன் காணாமல் போய்விட்டான். தாயின் லாகவம் மொழிக்குக் கிடைத்தது. தகப்பனின் தடுமாற்றம் கிடைக்கவில்லை. பெண்பாற் பிள்ளைத்தமிழில் அம்மானையும் ஊசலும் வருகின்றன. அந்த ஊஞ்சலைக் கட்டியவன் எங்கும் வருவதில்லை.

3

1917இல் வெளிவந்த பாரதியின் ‘கண்ணன் பாட்டு’ இந்த மரபில் ஓர் உடைப்பு. ‘கண்ணம்மா - என் குழந்தை’ பாட்டில் தாய்ப் பாவனை கழன்று விழுகிறது. மகளின் முகத்தில் தோன்றும் சிறு மாற்றம் ஒவ்வொன்றும் தன் உடம்பிலும் மனசிலும் என்ன செய்கிறது என்று ஒரு ஆண் குரல் கணக்கெடுக்கிறது. அப்போது பாரதிக்குப் புதுச்சேரி வாசம். 1904இல் பிறந்த தங்கம்மாள், 1908இல் பிறந்த சகுந்தலா என்று இரண்டு பெண்கள். ஆனால் பாட்டின் தலைப்பின் கீழேயே ஒரு குறிப்பு இருக்கிறது: பராசக்தியைக் குழந்தையாகக் கண்டு சொன்னது. ஒரு கையால் திறந்த கதவை மறு கையால் பாதி சாத்திவிட்டார். குழந்தை பராசக்தியாகிவிட்ட பிறகு அதற்கு மூக்கு ஒழுகாது.

புதுச்சேரி வீட்டில் பாரதி தகப்பனாக எப்படி இருந்தார் என்பது நமக்குத் தெரியாமல் இல்லை. செல்லம்மாள் சொல்லியிருக்கிறார். சகுந்தலா எழுதியிருக்கிறார். அண்டை வீட்டுச் சிறுமியாக அந்த வீட்டில் புழங்கிய யதுகிரி அம்மாள் எழுதியிருக்கிறார். சமைக்க வைத்திருந்த அரிசியைக் குருவிகளுக்கு இறைத்துவிட்ட கதை நமக்குச் செல்லம்மாள் வழியாகத்தான் வந்தது. நாம் அதைக் கவித்வத்துக்குச் சாட்சியாகப் படிக்கிறோம். அன்றைக்கு அந்தப் பெண்களுக்கு எப்போது சோறு கிடைத்தது என்று கேட்பதில்லை. தமிழில் இத்தனை பேசிய மனிதன், தகப்பன் என்ற ஸ்திதியில் மட்டும் பிறர் எடுத்துச் சொல்லித்தான் நமக்குத் தெரிகிறான். தொல்காப்பியரின் விதி பாரதியையும் விடவில்லை.

4

விதியை உண்மையிலேயே மீறியவர் புதுமைப்பித்தன் என்று எனக்குத் தோன்றுகிறது. மீறுவதாகப் பிரகடனம் எதுவும் செய்யாமல் மீறினார்.

‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ 1943இல் வந்த கதை. கடவுளைக் கிண்டல் செய்யும் கதை என்றுதான் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். எஸ்பிளனேடு முனை, காப்பி, ஆயுள் சந்தா, இவற்றையே மேற்கோள் காட்டிச் சிரிக்கிறார்கள். வைத்தியப் பத்திரிகை நடத்தும் பிள்ளை கடவுளைத் திருவல்லிக்கேணி வீட்டுக்கு அழைத்து வருகிறார். வாசலில் குழந்தை, எனக்கு என்ன வாங்கி வந்தாய் என்று கேட்கிறது. என்னைத்தான் கொண்டு வந்தேன் என்கிறார். தினமும் உன்னையேதான் கொண்டு வருகிறாய், பொரிகடலையாவது கொண்டுவரக் கூடாதா என்று குழந்தை குறைப்படுகிறது.

இந்த இரண்டு வரி சம்பாஷணையில் இரண்டாயிரம் வருஷ ஊமைத்தனம் உடைகிறது. அவள் பராசக்தி அல்ல, திருமகளும் அல்ல. பொரிகடலை கேட்கிற பெண். அவர் தியாகி அல்ல. கையில் காசில்லாததைச் சாதுரியப் பேச்சால் மறைக்கப் பார்க்கிற, அந்தப் பேச்சு நாலு வயசிடம் செல்லாது என்றும் தெரிந்த ஆள். தினமும் தன்னையே கொண்டுவருவதும் அது போதாமல் போவதும், பெண் வளர்க்கும் தகப்பனின் அன்றாடத்தைப் பற்றி நான் படித்தவற்றில் இதைவிடச் சரியான விவரணை இல்லை. பெருமிதமும் இல்லை, கண்ணீரும் இல்லை.

கதையின் அமைப்பையும் கவனிக்க வேண்டும். கடவுளுக்கு இந்த உலகத்தில் வியாபாரத்தில் இடமில்லை, கலையிலும் இடமில்லை. சபையில் ஆடிக் காட்டியும் செல்லுபடியாகவில்லை. அவரால் சகஜமாக இருக்க முடிந்தது குழந்தை வள்ளியோடு விளையாடும்போது மட்டும்தான். பாரதி குழந்தையைத் தெய்வமாக்கினார். புதுமைப்பித்தன் தெய்வத்தைக் குழந்தைக்கு விளையாட்டுத் துணையாக்கி, அதன் கழுத்தில் இருக்கும் கறுப்பைப் பற்றிக் கேள்வி கேட்க வைத்தார். இரண்டில் எது குழந்தைக்கு மரியாதை என்பதை வாசகனே தீர்மானித்துக்கொள்ளலாம்.

5

இன்றைய நிலைமை என்ன? கூற்று கிடைத்துவிட்டது. மகளைப் பற்றி எழுதாத கவிஞன் அபூர்வம். பத்திரிகைகளைப் புரட்டினால் மகள் பட்டாம்பூச்சியாகிறாள், மழையாகிறாள், செத்துப்போன அம்மாவாகத் திரும்பி வருகிறாள், கடைசி வரியில் ஒரு ஞானமொழி சொல்லித் தகப்பனைத் திருத்துகிறாள். இவற்றில் கண்ணம்மாவின் எதிரொலி கேட்கிறது. வள்ளியின் குரல் கேட்கவில்லை. குழந்தை அவளாக இருக்க இந்தக் கவிதைகளில் அனுமதி இல்லை.

சினிமா இன்னும் வெளிப்படை. ‘தெய்வத்திருமகள்’ (2011) படத்தில் தகப்பன் மகளை வளர்க்க இரண்டு ஏற்பாடுகள் தேவைப்படுகின்றன. தாய் பிரசவத்தில் இறக்க வேண்டும். தகப்பன் மனவளர்ச்சியில் குழந்தையாகவே இருக்க வேண்டும். வளர்ந்த ஆண், மனைவி உயிரோடு இருக்கும்போது, செவ்வாய்க்கிழமை காலையில் மகளுக்குத் தலை பின்னுவது நாடகத்துக்கு உதவாது போலிருக்கிறது. ‘தங்க மீன்கள்’ (2013) இதில் நேர்மையான முயற்சி. தாய் உயிரோடு இருக்கிறாள். பள்ளிக் கட்டணம் என்ற ஸ்தூலமான பிரச்சினை இருக்கிறது. ஆனால் அங்கும் தகப்பனின் பிரியம் உலகத்தை எதிர்த்து நிற்கும் ஒற்றை மனிதனின் வீரமாக உயர்ந்துவிடுகிறது. வீரத்துக்கு அன்றாடம் தெரியாது.

அன்றாடம் வேறு மாதிரியானது. இரட்டைப் பின்னலுக்கு வகிடு நேராக எடுக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. இரண்டு பெண்களுக்கும் சேர்த்துப் பத்து நிமிஷம், ஒருத்தியின் ரிப்பன் காணவில்லை, மற்றவள் பேன் சீப்பைக் கண்டதும் அலறுகிறாள், பஸ் வந்துவிடும். அந்த நேரத்தில் மனசில் இருப்பது அன்பு என்று சொன்னால் பொய். எரிச்சல். ஓங்கிய கையைப் பாதியில் நிறுத்தும் வெட்கம். இருந்தாலும் பின்னல் நேராக விழுந்ததில் ஒரு அற்ப திருப்தி. கவிதைக்கு இது தகுதியற்ற சரக்கு என்று நினைக்கிறவர்கள், கவிதை எதனால் ஆகிறது என்பதை மறுபடி யோசிக்க வேண்டும்.

இதைவிட முக்கியமான ஓர் இடம் இருக்கிறது. பெண்ணுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயசாகும்போது ஒருநாள் வீடு திடீரென்று தாழ்ந்த குரலில் பேசத் தொடங்குகிறது. அதுவரை குளிப்பாட்டி, காய்ச்சலில் இரவெல்லாம் மடியில் வைத்திருந்தவன் வாசலில் நிற்கிறான். அவனுக்கு யாரும் நேராகச் சொல்வதில்லை, ஜாடையாகத் தெரியவருகிறது. பிறகு பத்திரிகை அடிப்பது, மண்டபம் பார்ப்பது என்று அவனுக்கு வெளிவேலை ஒதுக்கப்படுகிறது. களவியல் சொன்ன ‘குறிப்பால் உணர்தல்’ இதுதான். இலக்கணம் வீட்டுக்குள் வந்து அவன் கூற்றைத் திரும்பப் பிடுங்கிக்கொள்கிறது. அவனும் பெரும்பாலும் நிம்மதியோடு கொடுத்துவிடுகிறான். நேற்றுவரை தோளில் சாய்ந்தவளோடு இனி என்ன பேசுவது என்று தெரியாத அவனுடைய மௌனத்தை மகள் எப்படிப் படிக்கிறாள்? அருவருப்பு என்றா, தண்டனை என்றா? பல பெண்கள் இதை ஆயுள் முழுவதும் சுமக்கிறார்கள். பட்டாம்பூச்சிக் கவிதைகள் எல்லாம் இந்த வாசலுக்கு முன்பே நின்றுவிடுகின்றன. அவற்றின் மகள்கள் வளர்வதே இல்லை.

மகளைப் பற்றி உருகுவது எளிது. அவள் வளர்கிற வீட்டில் தன் குரல் எந்த இடத்தில் நின்றுபோகிறது, அதில் தன் சம்மதம் எவ்வளவு என்று எழுதுவது கஷ்டம். அந்த வாசலைத் தாண்டி ஒரு தகப்பனின் பேச்சு தமிழில் வரும்வரை, நமக்குக் கிடைத்துவிட்டதாக நினைக்கும் கூற்று பிறர் எடுத்துச் சொல்லும் கூற்றுதான். பாரதிக்காவது எடுத்துச் சொல்லச் செல்லம்மாளும் சகுந்தலாவும் இருந்தார்கள்.