செப்புச் சிறுகாசும் இலக்கியச் சான்றும்

யவனர் வாணிகம் பற்றி எழுதுவோர் இரு சான்றுகளை இணைத்துக் காட்டுதல் வழக்கம். ஒன்று, யவனர் முசிறிக்குப் பொன் கொணர்ந்து மிளகு ஏற்றிச் செல்வதைக் கூறும் அகநானூற்று 149ஆம் பாட்டு. மற்றொன்று, தென்னாட்டிற் கிடைத்த உரோமானியப் பொற்காசும் வெள்ளிக்காசும். கரூர் அமராவதி ஆற்று மணலிலும் மதுரையிலும் ஈழத்திலும் மிகுதியாகக் கிடைத்த செப்புச் சிறுகாசுகளோ இலக்கிய ஆராய்ச்சியாளரால் போதிய அளவு கருதப்பட்டில. கருதப்பட்டவிடத்தும் அவை பிழைபட ஆளப்படுதல் உண்டு. அப்பிழையை ஈண்டு ஆராய்வாம்.

இக்காசுகளுள் பெரும்பாலன கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டினவாம். மிகச் சிறியவை விரல்நகத்தினும் பெரியன அல்ல. எடையும் ஒன்றிரண்டு கிராம் அளவே. முன்புறத்தே பேரரசன் தலை. பின்புறத்தே கொடியின் இருமருங்கும் நிற்கும் வீரர், வீழ்ந்த குதிரைவீரனை ஈட்டியாற் குத்தும் மறவன், சிறைப்பட்டோனை ஈர்த்துச் செல்லும் வெற்றித் தெய்வம் முதலிய உருவங்கள். அடியில் அந்தியோக்கு, அலெக்சாந்திரியா முதலிய அக்கசாலைகளைச் சுட்டும் எழுத்துக்கள். இவற்றுட் பலவற்றின் பண்டைப் பெயர் துணியப்படாமையின், விட்டத்தின் அளவு கொண்டே சேகரிப்போர் நான்கு வகையாகப் பகுத்துள்ளனர்.

இராபர்ட் சுவெல் 1904இல் வெளியிட்ட கட்டுரை, காசுகளைப் பேரரசர் வரிசையில் அமைத்து வாணிகத்தின் ஏற்றத்தாழ்வைக் கணித்தது. நீரோவிற்குப் பிற்பட்ட காசுகள் குறைந்தமையின் வாணிகமும் குறைந்தது என்பது அதன் முடிபு. இம்முடிபு முற்றும் ஏற்கத்தக்கதன்று. நீரோ கி.பி. 64இல் வெள்ளிக்காசின் எடையையும் தூய்மையையும் குறைத்தான். அதன்பின் பிறநாட்டு வணிகர் பழைய நற்காசையே விரும்பியிருத்தல் கூடும். ஆதலின் காசின் குறைவு வாணிகத்தின் குறைவே எனத் துணிதல் இயலாது.

சிறுகாசினைச் சான்றாகக் கொள்வோர் இதற்கு மறுதலையான பிழையில் வீழ்கின்றனர். யவனர் என்னும் சொல் வருதலானே, 4ஆம் நூற்றாண்டுக் காசினையும் சங்கப் பாட்டினையும் ஒரு காலத்தனவாக வைத்தெண்ணுவர். பாட்டுக் கூறுவது பொன். காசு என அது கூறிற்றில்லை. செப்போ அதன்கண் பேசப்படவேயில்லை. மேலும், காசில் உள்ள பேரரசன் பெயர் அஃது அடிக்கப்பட்ட காலத்தை உணர்த்துமேயன்றி, இந்நாட்டில் வழங்கிய காலத்தை உணர்த்தாது. தேய்ந்த காசு பன்னெடுங்காலம் கைமாறியிருக்கலாம். ஈழத்தில் இக்காசுகளைப் போன்றே உள்நாட்டில் அடிக்கப்பட்ட போலிகளும் மிகுதி. வழங்கிய காலத்தை உணர்த்தவல்லது, காசு கிடந்த மண்ணடுக்கும் உடன் கிடந்த பொருளுமே.

இங்கேதான் சேகரிப்பின் நன்மையும் தீமையும் வெளிப்படுகின்றன. இரா. கிருஷ்ணமூர்த்தி கரூர், மதுரைக் காசுகளைத் தொகுத்து 1994இல் நூலாக்கியமை பெருந்தொண்டு. அது நிகழாதேல் அவற்றுட் பல உருக்குலைந்தொழிந்திருக்கும். எனினும் ஆற்றுமணலில் அரித்தெடுத்த காசிற்கு அடுக்கு இல்லை. கடையில் வாங்கிய காசிற்கு ஊரும் இல்லை. களிம்பு நீங்க அமிலத்தில் இட்ட காசிற்கு எழுத்தும் இல்லாதொழிதல் உண்டு.

ஏடுகளைப் பதிப்பித்தோர் திணை, துறை, பாடினோர் பெயர், பாடபேதம் ஆகியவற்றைப் பேணியமையாலன்றோ நாம் இன்று சங்கப் பாட்டினை ஆராய்கின்றோம்? அடிக்குறிப்பு இழந்த பாட்டு இனிக்கும்; ஆயின் வரலாறு கூறாது. கிடைத்த இடம் குறிக்கப்படாத காசும் அத்தகையதே. பொற்காசு தன் விலையாற் காக்கப்படும். சிறுகாசினைக் காப்பது அதனோடு எழுதி வைக்கப்படும் ஒருவரிக் குறிப்பே. அக்குறிப்பு உள்ள காசினை மட்டும் சான்றெனக் கொண்டு, ஏனையவற்றை ஐயத்திற்குரியன என ஒதுக்குதலே இலக்கிய வரலாறு எழுதுவோர்க்குத் தகுந்த நெறியாம்.