கமெராவும் கரைவலையும்: லயனல் வென்டை முன்வைத்து ஒரு நோக்கு

அழகு அரிய பொருள்களில் மட்டுமே உறைகின்றது என்னும் எண்ணம் ஒளிப்படக் கலைஞரிடையே இன்றும் வேரூன்றியுள்ளது. இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. மன்னார்க் கரையிலுள்ள வங்காலையின் ஈரநிலம் 2008ஆம் ஆண்டு சரணாலயமாகவும், 2010ஆம் ஆண்டு ராம்சார் சாசனத்தின் கீழ்ச் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. வலசைக் காலத்தில் நீண்ட வில்லைகளுடன் அங்கு வருவோர் பூநாரைகளை நோக்கியே தவங்கிடக்கின்றனர். பூநாரை அழகிய பறவை என்பதில் வழக்கில்லை. ஆயின், அதே கரையில் வலை பொத்தும் முதியவரும் கருவாடு உலர்த்தும் பெண்களும் அவ்வில்லைகளின் எல்லைக்குள் வருவது அரிதே.

இக்குறையை எண்ணிப்பார்க்க லயனல் வென்ட் (1900 - 1944) விட்டுச்சென்ற படங்கள் துணைபுரியும். இங்கிலாந்திலே சட்டமும் பியானோ இசையும் கற்றுத் திரும்பிய அவர், 1930களில் கமெராவிடம் தம்மை முற்றாக ஒப்புக்கொடுத்தார். அதற்கு முன்னர் கொழும்புப் படப்பிடிப்பு நிலையங்கள் இலங்கையரைப் பெரிதும் விற்பனைக்குரிய மாதிரிகளாகவே நிறுத்திவைத்தன. வென்டோ வெயிலில் மின்னும் தோளையும், தோணியின் விளிம்பையும், சுவரில் வீழ்ந்த நிழலையும் ஊன்றி நோக்கினார். ஒளியே அவரது முதற் கருப்பொருள் எனலாம். அன்றாடக் காட்சியை உள்ளவாறே பெயர்த்தவர் அவரல்லர். இருட்டறையில் ஒளியைத் தலைகீழாக்கியும் படங்களை ஒன்றோடொன்று இணைத்தும் அவர் செய்த சோதனைகள், அழகு கண்டெடுக்கப்படுவது மட்டுமன்று, ஆக்கப்படுவதும் ஆகும் என்பதை உணர்த்துகின்றன. அவர் மறைந்தபின் மூலச்சுருள்கள் அழிக்கப்பட்டன. எஞ்சிய அச்சுப் படங்களும் 1950இல் வெளிவந்த தொகுப்புமே இன்று அவரை அறிவதற்கு வாயிலாக உள்ளன.

எனினும் ஒரு வினா எழாமலில்லை. வென்டின் உழைப்பாளி பெரும்பாலும் பெயரற்றவன். அவனது உடலின் வனப்பு அவன் உழைப்பின் பாரத்தை விழுங்கிவிடுகின்றது. பசில் ரைற் இயக்கிய 'சோங் ஒவ் சிலோன்' (1934) படத்திலும் இதனையொத்த நிலையே காணப்படுகின்றது. அங்கு திரையில் உழைப்போர் இலங்கையர். அவர்களைப் பற்றிப் பேசுவனவோ பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த றொபேட் நொக்ஸின் சொற்கள். அவற்றை வாசிக்கும் குரல் வென்டினுடையது. ஒளிப்படம் கணக்கேடன்று, சம்மாட்டிக்கு எத்தனை பங்கு, கயிறு பிடித்தவனுக்கு எத்தனை பங்கு என்று அது சொல்லவேண்டியதில்லை என வாதிடுவோர் உளர். வாதம் பொருந்துவதே. ஆனால் கயிற்றின் கனம் கூடவா தெரியக்கூடாது?

வங்காலைக்கு மீள்வோம். மணலில் விரித்த வலையொன்று கிழிந்து கிடக்கின்றது. மாலை வெயிலில் அக்கிழிசல் தரும் கோலம் எந்தக் கலைஞனையும் ஈர்க்கும். அதைப் பொத்துபவருக்கோ அது இழந்த தொழில் நாள்களின் கணக்கு. 2017ஆம் ஆண்டு இலங்கை சட்டத்தால் தடைசெய்த இழுவைமடி, பாக்குநீரிணைக்கு அப்பாலிருந்து வரும் விசைப்படகுகளின் வழியே வடகடலில் தொடர்ந்துள்ளது; அதனால் வலையிழந்தோர் மன்னார்க் கரையெங்கும் உளர். இவ்விரு பார்வைகளும் ஒரே சட்டகத்துள் அமைவது கடினமாயினும் இயலாததன்று. அதற்கு வேண்டப்படுவது நீண்ட வில்லையன்று. ஊசியில் நூல் கோக்கும் அம்முதியவரின் அருகே, அவர் விரல் நகரும் வேகத்தை அறியுமளவு நேரம் அமர்ந்திருத்தல். வென்ட் ஒளிக்காகக் காத்திருந்தார். அவ்வாறே மனிதருக்காகவும் காத்திருக்கும் கமெரா, அக்கரையில் வளரும் பிள்ளைகளின் கைத்தொலைபேசியிலிருந்தே வரவுங்கூடும்.