நாட்டிய சாத்திரத்தில் அவையோர் வெறுப்பு

நாட்டிய சாத்திரத்தின் 27ஆம் இயல் அவையோர் பாராட்டை நுணுகி வகுக்கின்றது: புன்முறுவல், 'சாது', 'அகோ' என்னும் ஒலிகள், மயிர்க்கூச்செறிதல், இருக்கையினின்று எழுதல், ஆடையும் மோதிரமும் எறிதல். அவலக் காட்சியில் எழும் 'கஷ்டம்' என்னும் சொல்லும் (இன்றைய வழக்கை எண்ணின் வியப்பே) அங்குப் பாராட்டாகும். வெறுப்புக்கோ இத்தகைய வரிசை இல்லை. கூச்சலும் சாணமும் மண்கட்டியும் எறிதலும் பகைவர் விளைக்கும் இடையூறாகவே சுட்டப்படுகின்றன. குற்றங்காண்பது 'பிராச்னிகர்' எனும் நடுவர் பணி. அவருள் வில்வீரனும் கணிகையும் உளர் என்பது உண்மையே. ஆயினும், ஆட்டம் பிடிக்காத எளிய பார்வையாளன் பகைவனா என்னும் வினாவை அவ்வியல் எழுப்பவில்லை. அனைத்து வருணத்தார்க்கும் உரிய ஐந்தாம் வேதம் என்னும் முதலியற் கூற்றை மட்டுங்கொண்டு இந்நூலைப் பொதுமக்கள் அழகியலின் ஊற்றாகக் காட்டுவோர் கருத்தை நாம் ஏற்பதற்கில்லை.