மறைந்துவிட்டதா, மறைந்திருக்கிறதா?

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஜொகூர் மாநிலத்தில் அவளுடைய பாட்டியார் பால்மரம் சீவிய தோட்டத்தைப் பற்றியது அது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி வந்த கதை. நம் மாநிலத்தில் அக்கதைக்குப் பஞ்சமில்லை. அதில் ஒரு வாக்கியம்: 'எங்கள் பாட்டியின் தோட்டம் இப்போது மறைந்திருக்கிறது.' சிவப்பு மைக்கோலை எடுத்த என் கை நின்றது. எழுத்துப் பிழையில்லை, சந்திப் பிழையில்லை, எழுவாயும் பயனிலையும் இயைந்தே நிற்கின்றன. ஆயினும், தோட்டம் ஏதோ புதருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறது என்றல்லவா பொருள்படுகிறது!

இப்பிழை எங்கிருந்து வந்தது என்பதை அறிய நெடுநேரம் ஆகவில்லை. ஆங்கிலத்தில் 'ஹேஸ்' என்று வந்தால் தமிழில் 'இருக்கிறது' என்று முடிக்க வேண்டும் என்னும் வாய்பாடு நம் வகுப்பறைகளில் உலவுகிறது. பயிற்சிக் காலத்தில் எனக்கும் அவ்வாறே சொல்லப்பட்டது. நானும் பல்லாண்டு அதனையே சொல்லி வந்தேன். 'ஹேஸ் டிஸ்ஸப்பியர்ட்' என்பது 'மறைந்திருக்கிறது' ஆனதற்கு அம்மாணவியை மட்டும் குறைகூற இயலாது.

ஆங்கிலேயர் 'பெர்பெக்ட்' என வழங்கும் நிறைவுக் காலத்தின் இயல்பைச் சற்று நோக்குவோம். 'ஹேவ்' என்பது உடைமையைக் காட்டும் வினை. நடந்து முடிந்த ஒன்றின் விளைவை இன்றைய உடைமையாகக் கையில் வைத்துக் காட்டுகிறது அம்மொழி. சாவியைத் தொலைத்தவன் 'ஐ லாஸ்ட்' என்றால், பின்னர் அது கிடைத்ததா என்பது தெரியாது. 'ஐ ஹேவ் லாஸ்ட்' என்றாலோ, இன்னும் கிடைக்கவில்லை, கதவு பூட்டியே கிடக்கிறது என்பது பெறப்படும். இழப்பு நேற்றையது, இல்லாமை இன்றையது. இவ்விரண்டையும் ஒரு சிறு துணைச்சொல்லால் முடிச்சிட்டுவிடும் திறம் பாராட்டத்தக்கதே.

அம்முடிச்சுக்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. நாள் குறிப்பிட்டால் அது அவிழ்ந்துவிடும். சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி இரயில் புறப்பட்டது 2011 ஜூன் 30-ஆம் நாள். அதனை ஓட்டிச் சென்றவர் அப்போதைய ஜொகூர் சுல்தான் இப்ராகிம். 'நிலையம் ஹேஸ் குளோஸ்ட்' எனலாம்; ஆண்டைச் சேர்த்துவிட்டால் 'ஹேஸ்' நீங்கிவிட வேண்டும். தமிழுக்கு இத்தடை இல்லை. '2011-இல் நிலையத்தை மூடிவிட்டார்கள்' என்பது குற்றமற்ற தமிழ். 'விடு' என்பது நிறைவுக் காலத்தின் நேர் படியன்று என்பதற்கு இஃதொன்றே சான்று.

தொல்காப்பியமும் நன்னூலும் காலம் மூன்றே என்றன. அம்மூன்றுக்குமேல் நாம் காட்டும் நுட்பமெல்லாம் துணைவினைகளின் பணி. (விரைவு கருதி எதிர்காலத்தை இறந்தகாலமாகச் சொல்வதை அவை அறிந்திருந்தன, வீட்டை விட்டு இன்னும் கிளம்பாதவர் 'இதோ வந்துவிட்டேன்' என்பது பழைய வழக்கே!) துணைவினைகளை இ. அண்ணாமலை 1985-இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். நம் பள்ளி இலக்கணப் பாடத்திலோ அவை ஓர் ஓரத்தில் நிற்கின்றன.

மாற்றத்தைச் சொல்லும் ஓர் எளிய தொடரை எடுத்துக்கொள்வோம். 'ஊர் மாறியிருக்கிறது' என்பவர் நெடுநாள் கழித்துத் திரும்பி வந்தவர். தாம் கண்ட தடயத்தைச் சொல்கிறார். 'ஊர் மாறிவிட்டது' என்பவர் இனித் திரும்பாது எனக் கதவைச் சாத்துகிறார். 'ஊர் மாறிப்போயிற்று' என்பவரின் குரலில் ஒரு பெருமூச்சு கேட்கிறது. ஆங்கிலம் மூன்றையும் 'ஹேஸ் சேஞ்ச்ட்' என்ற ஒன்றிலேயே அடக்கும். 'போ' பெரும்பாலும் இழப்பின் பக்கமே சாயும். 'பயிர் காய்ந்துபோயிற்று' என்போம், 'செழித்துப்போயிற்று' என்பாரில்லை. 'விடு' அப்படியன்று, 'தேர்வு முடிந்துவிட்டது' என்று துள்ளும் மாணவனுக்கும் அது உதவும்.

சாவுச் செய்தியில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையாகும். உற்றார் 'இறந்துவிட்டார்' என்பர். 'நேற்றிரவே இறந்திருக்கிறார்' என்பது உடலைப் பார்த்து ஊகித்த மருத்துவரின் வாக்கியம். இரங்கற் செய்தியை மொழிபெயர்ப்பவர் 'ஹேஸ்' என்பதற்கு மயங்கி 'இறந்திருக்கிறார்' என எழுதினால், துக்க வீட்டில் துப்பறிவாளர் நுழைந்தது போலாகும்.

ஆங்கிலம் நம்மைவிடத் தெளிவாயிருக்கும் இடத்தையும் மறைத்தல் முறையன்று. 'அப்பா சிங்கப்பூருக்குப் போயிருக்கிறார்' என்றால், இப்போது அங்கிருக்கிறாரா, என்றோ போய்வந்தவரா என்பது இடம் நோக்கியே தெளியும். 'ஹேஸ் கான்', 'ஹேஸ் பீன்' என இரண்டாகப் பிரித்துவிடுகிறது ஆங்கிலம். பாலம் கடந்து வேலைக்குச் செல்வோர் நிறைந்த ஜொகூர் பாருவில் இது வெறும் இலக்கணச் சிக்கலன்று! மலாய்மொழியோ வினையின் உருவை மாற்றாமல், முன்னே 'சூடா' என்னும் சொல்லை வைத்து, முடிந்தது எனக் காட்டிவிடும். இம்மூன்று முறைகளுக்கும் நடுவேதான் நம் பிள்ளைகள் வளர்கிறார்கள்.

அம்மாணவியை அழைத்து, "பாட்டி இதை எப்படிச் சொல்வார்?" என்று கேட்டேன். "'தோட்டம் போயிருச்சு'ன்னு சொல்வாங்க, ஐயா" என்றாள். அப்போதுதான் பிழையின் மற்றொரு வேர் புலப்பட்டது. 'போயிருச்சு' என்பதில் அவள் காதுக்கு 'இரு' கேட்டிருக்கிறது. உண்மையில் அது 'போய்விட்டது' என்பதன் பேச்சுத் திரிபு. பாட்டியின் தமிழ் சரியாகத்தான் இருந்தது. அதனை எழுத்துத் தமிழாக்கும் வழியை நாங்கள் காட்டவில்லை.

அவ்விடத்தில் அடித்து, 'தோட்டம் போய்விட்டது' என்று எழுதினாள். அதற்கடுத்து அவள் முன்னரே எழுதியிருந்த வாக்கியம், 'கோயில் மட்டும் இருக்கிறது' என்பது. அதை நான் தொடவில்லை.