கலப்பு: அரிசி மதுவும் அதிகாரமும்

பிரெஞ்சுக்காரரின் மதுவாக்க நுட்பத்தையும் சீனர்களின் அரிசி மது மரபையும் ஒருவர் ஒரே புட்டியில் சேர்த்துத் தந்தால், உடனே 'கலப்பு' என்று மெச்சுகிறோம். பண்பாடுகள் எல்லை தாண்டி உறவாடுகின்றன என்பதாக ஒரு பூரிப்பு. பின்காலனியச் சொல்லாடலிலும் இந்தச் சொல்லுக்குத் தனி மவுசு. ஆனால் இதே கலப்பு நூறு வருஷத்துக்கு முன்பே இந்தோசீனாவில் நடந்திருக்கிறது. அது எப்படி நடந்தது என்று பார்க்காமல் இச்சொல்லைக் கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

திராட்சையில் சர்க்கரை இருக்கிறது. ஈஸ்ட் பட்டால் தானே நுரைத்துப் பொங்கும். அரிசியில் இருப்பதோ மாவுச்சத்து. முதலில் அதைச் சர்க்கரையாக்க வேண்டும். இதற்குச் சீனர்கள் 'சூ' என்னும் கட்டியைப் பயன்படுத்தினார்கள். அதில் பூஞ்சையும் ஈஸ்டும் சேர்ந்தே வளரும்; இரண்டு வேலையும் ஒரே பானையில் முடிந்துவிடும். இதே வகை உருண்டையை வியத்நாமியர் 'மென்' என்றார்கள். மூலிகைகள் சேர்த்துப் பிடித்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த அறிவு அது.

1891இல் சைகோனில் பாஸ்தர் நிறுவனத்தைத் தொடங்கிய ஆல்பெர் கால்மெத், பின்னாளில் பி.சி.ஜி. தடுப்பூசியை உருவாக்கிய இருவரில் ஒருவர். அவர்தான் இந்தச் சீன உருண்டையிலிருந்து பூஞ்சையைத் தனியே பிரித்தெடுத்தார். பாரிஸிலிருந்த தம் ஆசான் எமில் ரூவின் பெயரால் அது 'அமிலோமைசஸ் ரூக்ஸி' ஆயிற்று. 'அமிலோ முறை' பிறந்தது. உருண்டை பிடித்த கைகளுக்கு அந்தப் பெயரில் இடமில்லை. அபகரிப்பு இப்படிப் பெயரிடுதலில்தான் தொடங்குகிறது.

மிச்சத்தை அரசு பார்த்துக்கொண்டது. 1897இல் கவர்னர் ஜெனரலாக வந்த பவுல் தூமேர், அபின், உப்பு, சாராயம் மூன்றையும் வருவாய்க்காக ஏகபோகப் பிடிக்குள் இறுக்கினார். ஃபொந்தேன் கம்பெனி ஆலைகளில் அமிலோ முறையில் சாராயம் வடித்தது. ஆலைச் சரக்கு சுத்தமானதுதான்; ஆனால் சனங்களுக்கு ருசிக்கவில்லை, விலையும் கூட. வீட்டில் ஊறல் போட்டவர்கள் ஒரே நாளில் குற்றவாளிகளானார்கள். வீடு புகுந்து சோதனை, அபராதம், சிறை. 1945இல் ஹோ சி மின் வாசித்த விடுதலைப் பிரகடனம், மக்கள்மீது சாராயமும் அபினும் திணிக்கப்பட்டதைக் குற்றப்பட்டியலில் சேர்த்தது சும்மா இல்லை.

நாமும் இதில் வெறும் வேடிக்கை பார்த்தவர்கள் அல்லர். 1881ஆம் ஆண்டின் ஆணைப்படி சொந்த வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற புதுச்சேரித் தமிழர் பலர், கொச்சின்சீனாவில் காலனி உத்தியோகம் பார்த்தார்கள். அந்த அரசு எந்திரத்தை ஓட்டியதில் நம்மாட்களுக்கும் பங்குண்டு.

இன்றைக்கு இரு மரபையும் இணைத்து மது செய்பவர் குற்றம் செய்கிறார் என்று சொல்லவரவில்லை. ஆய்வுக்கூடத்தில் இரண்டும் கலந்தன என்பதும் நிஜம். பூஞ்சைக்குத் தேசம் கிடையாது. ஆனால் யார் காய்ச்சினால் தொழில், யார் காய்ச்சினால் ஜெயில் என்பதைச் சட்டம்தான் தீர்மானித்தது. ஆகவே ஒரு மதுவையோ ஒரு பிரதியையோ கலப்பு என்று பாராட்டுமுன் ஒன்றைக் கேட்டுவிடலாம்: இது கலப்பதற்காக யார் வீட்டுப் பானை உடைபட்டது?