டாஷ்போர்டு மட்டும் போதுமா? – இங்கிலாந்து மனநலச் சேவையின் இனச் சமத்துவச் சட்டகம்

இங்கிலாந்தின் என்எச்எஸ் 2023 அக்டோபரில் ஒரு சட்டகத்தை வெளியிட்டது. பெயர், 'நோயாளிகள் மற்றும் பராமரிப்போருக்கான இனச் சமத்துவச் சட்டகம்'. சுருக்கமாக பிசிஆர்இஎஃப். மனநலச் சேவை தரும் எல்லா டிரஸ்டுகளுக்கும் (மருத்துவமனைகளை நடத்தும் நிர்வாக அமைப்புகள்) இது கட்டாயம். இதற்கு முன்னால் வந்த அறிக்கைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படித்தேன். நல்ல விஷயங்கள் நிறைய இருக்கு. ஆனால் பழைய குறை ஒன்றும் அப்படியே இருக்கு.

முதலில் பிரச்சினையின் அளவு. 2022-23ல், மனநலச் சட்டத்தின்படி கட்டாயமாக மருத்துவமனையில் வைக்கப்பட்டது வெள்ளையரில் லட்சம் பேருக்கு 64 முறை. கறுப்பினத்தவரில் 228 முறை. மூன்றரை மடங்கு!

ஏன் என்று கேட்டால் வழக்கமாக வரும் பதில்: "அவங்க சீக்கிரம் டாக்டர்கிட்ட வர்றதில்லை, விழிப்புணர்வு போதாது." 2002ல் செயின்ஸ்பரி மனநல மையம் வெளியிட்ட ஆய்வு இதைவிட நேர்மையானது. கறுப்பின மக்கள் சேவையைக் கண்டு பயப்படுகிறார்கள், சேவை அவர்களைக் கண்டு பயப்படுகிறது. பயந்து தள்ளிப்போடுகிறார்கள், நோய் முற்றுகிறது, கடைசியில் கட்டாயச் சிகிச்சை. அதைப் பார்த்த அடுத்தவருக்கு இன்னும் பயம்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. டேவிட் பென்னட், ஜமைக்காவில் பிறந்தவர். நார்விச்சில் ஒரு மனநல மருத்துவமனையில் இருந்தார். இங்கே கறுப்பின ஊழியர்களே இல்லை, வேலைக்கு எடுங்கள் என்று 1993லேயே கடிதம் எழுதியவர். 1998 அக்டோபர் 30 இரவு இன்னொரு நோயாளியோடு தகராறு, அந்த ஆள் இனத்தைச் சொல்லித் திட்டினார். வேறு வார்டுக்கு மாற்றப்பட்டது பென்னட்தான். அங்கே ஒரு நர்ஸை அடித்தார். ஊழியர்கள் அவரைக் குப்புறப் படுக்கவைத்து சுமார் 25 நிமிடம் அழுத்திப் பிடித்தார்கள். இறந்துபோனார். வயது 38.

நீதிபதி ஜான் பிளோஃபெல்ட் தலைமையிலான விசாரணைக் குழு பல பரிந்துரைகள் தந்தது. அதில் ஒன்று மிகத் தெளிவானது: யாரையும் குப்புறப் படுக்கவைத்து 3 நிமிடத்துக்கு மேல் பிடிக்கக்கூடாது. வாட்ச் இருந்தால் போதும், யாரும் சரிபார்க்கலாம். 2005ல் அரசு ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. சமூகப் பணியாளர்கள், பயிற்சி, தகவல் சேகரிப்பு எல்லாம் அதில் வந்தது. அந்த 3 நிமிட வரம்பை மட்டும் அரசு ஏற்கவில்லை.

தகவல் சேகரிப்பு ஒழுங்காகவே நடந்தது. 2005 முதல் 2010 வரை வருஷா வருஷம் 'கவுன்ட் மீ இன்' என்று உள்நோயாளிகள் கணக்கெடுப்பு. ஆறு கணக்கெடுப்பு முடிந்த பிறகும் கறுப்பினத்தவர் விகிதம் அதே மாதிரி உயரத்தில்தான் இருந்தது. கடைசிக் கணக்கெடுப்பு நடந்த அதே 2010ல் ஒலசேனி லூயிஸ் இறந்தார். 23 வயது, ஐடி பட்டதாரி. "வர்றதில்லை" என்ற வாதம் இவரிடம் செல்லாது. குடும்பத்தோடு, தானாகவே லண்டனில் உள்ள பெத்லெம் மருத்துவமனைக்குப் போனவர். அங்கே 11 போலீஸ்காரர்கள் அவரை அழுத்திப் பிடித்தார்கள். பெற்றோர் விடாமல் போராடியதால் 2018ல் 'சேனி சட்டம்' வந்தது. பலப்பிரயோகத்தைப் பதிவு செய்ய வேண்டும், மனநலப் பிரிவுக்கு வரும் போலீஸார் உடலில் கேமரா அணிய வேண்டும் என்றது. அதிலும் நிமிடக் கணக்கு இல்லை.

சரி, பிசிஆர்இஎஃப் என்ன செய்கிறது? நிர்வாகக் குழுவைப் பொறுப்பாக்குகிறது. இனவாரியாகப் புள்ளிவிவரம் கேட்கிறது. நோயாளி, குடும்பத்தார் கருத்தைக் கேட்க வழி வைக்கச் சொல்கிறது. கட்டாயம் என்பதே பெரிய முன்னேற்றம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இது கட்டுப்படுத்துவது மனநலச் சேவை தரும் அமைப்புகளை மட்டும்தான். தெருவில் ஒருவரைப் பிடித்துக் கொண்டுவரும் போலீஸ் இதற்கு வெளியே. வித்தியாசம் இவ்வளவு தாண்டினால் இதை நிறுத்து என்று நாடு முழுமைக்கும் ஒரு வரம்பும் வைக்கவில்லை. நம்ம தொழிலில் சொன்னால், மானிட்டரிங் பிரமாதம், அலாரம் அடித்தால் யார் எழுந்து என்ன செய்யணும் என்பது எழுதப்படவில்லை. டாஷ்போர்டு போட்டதால் மட்டும் பக் சரியானதாக எனக்குத் தெரிந்து வரலாறே இல்லை.

வேலையைச் செய்யும் விதத்தையே மாற்றலாம் என்பதற்கு உதாரணமும் அங்கேயே இருக்கு. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் டான் எட்ஜ் குழு, மனச்சிதைவு உள்ள ஆப்பிரிக்க, கரீபிய வம்சாவளியினருக்கான குடும்ப சிகிச்சையை அந்த மக்களோடு சேர்ந்து உருவாக்கியது. குடும்பத் தொடர்பு அறுந்துபோனவருக்கு என்ன செய்வது? அவர் நம்பும் ஒரு நண்பரோ, சமூகத்திலிருந்து வரும் ஒரு தன்னார்வலரோ குடும்பத்தின் இடத்தில் உட்காரலாம் என்றார்கள். நோயாளி தனியாக விடப்படும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே ஓர் ஆளை வைத்திருக்கிறார்கள்.

பிசிஆர்இஎஃப் அறிக்கைகளில் ஒரே ஒரு பத்தி கூடுதலாகக் கேட்கலாம் என்பது என் கருத்து: இந்த எண்ணைப் பார்த்த பிறகு நீங்கள் செய்வதை நிறுத்தியது எது? அந்தப் பத்தி காலியாக இருந்தால், இதுவும் இன்னொரு கணக்கெடுப்புதான்.