விரைவில் எதிர்பாருங்கள்!

பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறவனுக்கு ஒரு தர்மசங்கடம் உண்டு. முதல் வரியை எழுதுவதற்கு முன்பே, "விரைவில் எதிர்பாருங்கள்!" என்ற அறிவிப்பு படத்துடன் வெளியாகிவிடும். ஒரு முறை என் கதைக்கான அறிவிப்பில் ஓவியர் வில்லேந்திய பெண்ணொருத்தியை வரைந்துவிட்டார். என் கதாநாயகிக்கோ வில்லென்றால் என்னவென்றே தெரியாது. வாசகர்கள் கேட்பார்களே என்று பயந்து, ஐந்தாம் அத்தியாயத்தில் அவளுக்கு வில்வித்தை கற்றுக்கொடுத்தேன். ஆகவே, அறிவிப்புகளைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்குக் கொஞ்சம் யோக்கியதை உண்டு.

இங்கே நான் எடுத்துக்கொண்டிருப்பது 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' என்ற வீடியோ கேமின் ஆறாம் பாகத்துக்கு வந்த முதல் டிரெய்லர். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையில் பள்ளிக்கரணையும் எங்கள் பெரும்பாக்கமும் ஏரியோடு ஏரியாகிவிட்டன. மறுநாள் விடியற்காலையில், மின்சாரம் இல்லாமல் நாங்கள் மாடியில் நின்றுகொண்டிருந்த நேரத்தில், அந்த டிரெய்லர் உலகத்துக்கு வந்து சேர்ந்தது. யாரோ கசியவிட்டதால், குறித்த நேரத்துக்கு முன்பே அவசரமாக வெளியிட்டார்கள். முதல் 24 மணி நேரத்தில் ஒன்பது கோடித் தடவைக்கு மேல் அது பார்க்கப்பட்டதாம். அந்தக் கணக்கில் எங்கள் தெருவின் பங்கு சைபர்.

தண்ணீர் வடிந்த பிறகு இரண்டு பேருடன் அதைப் பார்த்தேன்.

ஒருவன் என் மைத்துனன். வயது முப்பத்தாறு, சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம். 2002இல் வந்த 'வைஸ் சிட்டி'யைத் தாம்பரத்து பிரௌசிங் சென்டரில் மணிக் கணக்குக்குக் காசு கொடுத்து ஆடியவன். புது விளையாட்டிலும் அதே கற்பனை நகரம் வருகிறது. அதன் கடற்கரையைக் கண்டதும் அவன் முகத்தில் பழைய பையன் எட்டிப் பார்த்தான். ஆனால் மறு நிமிஷமே, "சொன்ன தேதிக்கு வராது, அத்தான்" என்றான்.

மற்றவன் எங்கள் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரின் மகன். வயது பதினைந்து, வாரியக் குடியிருப்பில் வாசம். தகப்பனாரின் போனில் டிரெய்லரை நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். கடைக்குள் நுழையும் முதலையை மட்டும் ஏழெட்டுத் தடவை!

டிரெய்லர் கெட்டிக்காரத்தனமானதுதான். சிறையிலிருக்கும் லூசியாவில் ஆரம்பித்து, அவளும் அவள் துணைவனும் கடையொன்றைக் கொள்ளையடிக்கப் புகுவதில் முடிகிறது. ஒன்றரை நிமிஷத்தில் ஒரு நகரமே கண்முன் ஓடுகிறது. ஆனால் ஆடுகிறவனுக்கு அங்கே என்ன வேலை என்பது மட்டும் தெரியவில்லை. பந்திக்கு இலை போடாமல் மணத்தை மட்டும் அனுப்புகிற வித்தை இது.

மைத்துனன் ஜோசியம் பலித்தது. 2025 என்றவர்கள், பிறகு 2026 மே 26 என்றார்கள்; அப்புறம் நவம்பர் 19 என்றார்கள். அவன் அலட்டிக்கொள்ளவில்லை. 2013இல் ஐந்தாம் பாகம் வந்ததிலிருந்து காத்திருப்பவன். சம்பளத்தில் சேர்த்து வைக்க இன்னும் கொஞ்சம் அவகாசம், அவ்வளவுதான்.

பையன் விஷயம் வேறு. அது போனில் ஆடும் விளையாட்டல்ல. அதற்கு வேண்டிய பிளேஸ்டேஷன் 5, இந்தியாவில் 2021 பிப்ரவரியில் வந்தபோதே 49,990 ரூபாய். "நீ எப்படியடா ஆடப்போகிறாய்?" என்று கேட்டேன்.

"ஆட முடியாது சார். அதான் இதையே பாக்கறேன்" என்றான். குரலில் வருத்தம்கூட இல்லை.

அறிவிப்பு என்பது வெறும் ஆசை காட்டல், ஏமாற்று என்று பெரியவர்களாகிய நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பின்னால் சரக்கு வரும், பிடிக்காவிட்டால் திட்டித் தீர்த்துக்கொள்ளலாம் என்ற தைரியம் நமக்கு. அந்தப் பையனுக்கு அந்த விளையாட்டில் அப்போது இலவசமாகக் கிடைத்தது இந்த ஒன்றரை நிமிஷம்தான். அவனுக்கு அதுவே முழுப் புத்தகம்.

பெட்டிக் கடையில் தொங்கும் பத்திரிகைப் போஸ்டரை மட்டும் படித்துவிட்டு நடந்துபோகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அடுத்த தொடர்கதைக்கு அறிவிப்பு எழுதும்போது அவர்களையும் வாசகர்களாக எண்ணி எழுத வேண்டும்.